துருவும் க்ஷேமமும்

கொச்சியின் மட்டாஞ்சேரி, கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடக்கும் சிறு நிலப்பகுதி. மேற்கே சிறிது தூரம் நடந்தால் அரபிக்கடல். கிழக்கே படகுகள் ஊர்ந்து செல்லும் காயல். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பழைய பண்டகசாலைகள் கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடமும் அருகருகே அமைந்துள்ளன. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும் இவ்வூரில், எந்த மொழி பேசும் இல்லத்திலும் அழையாமல் நுழையும் விருந்தாளி ஒன்று உண்டு. கதவின் கீலிலும், கிணற்று உருளையிலும், அரிவாள்மனையிலும், தச்சரின் பெட்டியிலும் அது குடியேறுகிறது. அதுவே துரு.

மலையாள மொழியில் துருவைத் 'துரும்பு' என்பர். தமிழர் செவியில் அச்சொல் வைக்கோல் துணுக்கைக் குறிக்கும். அற்பத்திற்கு அதுவே உவமை. இரண்டையும் ஒருசேரக் கேட்கும்போது, அற்பமென்று விடப்பட்டதே மறுமாதம் துருவாக வந்து நிற்கிறது என்று எண்ணத் தோன்றும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்குத் தென்மேற்குப் பருவமழை. ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல் இருமடங்கு. அதில் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. ஆனியில் கூர் தீட்டிப் பெட்டியில் வைத்த உளியை ஆவணியில் எடுத்துப் பார்த்தால், அதன் முகத்தில் செம்மஞ்சள் பொடி பூத்திருக்கும். துடைத்தால் பொடி போய்விடும். அதன் கீழே ஊசிமுனை அளவில் குழிகள் தெரியும். அந்தக் குழிகள் கூர்முனையில் விழுந்துவிட்டால், சாணைக்கல்லில் பல நாள் தேய்த்தால்தான் மீண்டும் மரத்தில் சுத்தமாக இறங்கும் உளியைப் பெற முடியும்.

இவ்வூரில் முதுமையால் தொழிலை விட்ட ஒரு தச்சரை மனத்தில் கொண்டுவரலாம். குறிப்பிட்ட ஒருவரையன்று, கேரளக் கரையோரத்தில் இத்தகையவரைப் பல ஊர்களில் காணலாம். மகன் வளைகுடா நாட்டில் வேறு பணியில் இருக்கிறான். பேரன் கணினி படிக்கிறான். கதவும் சன்னலும் இப்போது தொழிற்சாலையிலிருந்து முடிந்த வடிவில் வந்து இறங்குகின்றன. ஆயினும் ஞாயிறுதோறும் அவர் பெட்டியைத் திறக்கிறார். அரை அங்குல உளி, முக்கால் அங்குல உளி, ஓரங்குல உளி, வாய்ச்சி, இழைப்புளியின் அலகு, ரம்பம் என ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவி, மீண்டும் அதனதன் இடத்தில் வைக்கிறார்.

"இனி இவற்றை யார் எடுக்கப்போகிறார்கள், தாத்தா?" என்று பேரன் கேட்கிறான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அவனுடைய கேள்விக்குள் ஆன்மிகச் சாதகனின் கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. பயன்படாத பொருளை விடாமல் பேணுவது கடமையா, பற்றா? கடமை என்றால், அதன் பயன் எங்கே? பற்று என்றால், விட்டுவிட வேண்டியவற்றுள் அதுவும் ஒன்றல்லவா?

பகவத்கீதையில் 'யோகக்ஷேமம்' என்னும் சொல் இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில், தன்னையே நினைந்து வழிபடுவோரின் யோகக்ஷேமத்தைத் தானே சுமப்பதாகப் பகவான் உறுதி கூறுகிறார். இரண்டாம் அத்தியாயத்திலோ, யோகக்ஷேமத்தைக் கடந்தவனாக இருக்கும்படி அர்ஜுனனுக்குச் சொல்கிறார். ஆதிசங்கரர் தம் உரையில் இச்சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டுகிறார்: அடையாததை அடைவது யோகம், அடைந்ததைக் காப்பது க்ஷேமம். 'இவ்விடம் க்ஷேமம்' என்று கடிதம் தொடங்கிய தலைமுறையினர், தாம் என்ன எழுதுகிறோம் என்பதை அறிந்தே எழுதினர். புதிதாக எதுவும் கிடைத்ததென்று அவர்கள் அங்கே சொல்லவில்லை. இருந்தது இருக்கிறது என்று சொன்னார்கள்.

அடைவதற்கு உலகில் மதிப்பு அதிகம்; காப்பதற்கு அது இல்லை. உளியை வாங்கிய நாள் வீட்டில் நினைவிருக்கும். அது துருப்பிடிக்காமல் கழிந்த ஆயிரம் ஞாயிறுகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. காப்பவன் வெற்றி பெற்றான் என்பதற்கு ஒரே அடையாளம், எதுவும் நிகழாமல் இருப்பதுதான். பாராட்டுக்கு அங்கே பிடிமானமே இல்லை. பயனை எதிர்பாராத செயல் என்று பேசும்போது பெரும் தியாகங்களையே எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும் தியாகத்திற்குப் புகழாவது பின்னால் வரும். வாரந்தோறும் துடைக்கும் கைக்கு அதுவும் கிடையாது.

துரு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று ஆராய்ந்தால் கேள்வி இன்னும் ஆழமாகிறது. இரும்பிலேயே தோன்றி இரும்பையே தின்னும் துருவைத் தீவினைக்கு உவமையாகக் காட்டுவது தம்மபதத்தில் உண்டு. உவமை வலிமையானது, எனினும் இரும்பு தனியே நின்று துருவை ஈன்றுவிடுவதில்லை. முற்றிலும் உலர்ந்த காற்றில் இரும்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். காற்று சிறிதும் கலவாத தூய நீரிலும் அது எளிதில் துருப்பிடிக்காது. நீரும் ஆக்சிஜனும் ஒருங்கே வந்து சேரும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது. கடலோரத்தில் மூன்றாவதாக உப்பும் வந்து சேர்கிறது. உப்பு நீரில் கரைந்து மின்னோட்டத்திற்கு வழியமைத்து, அந்த மாற்றத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது.

உப்பின் வேலை அதோடு நின்றுவிடுவதில்லை. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறக்கும் ஒவ்வோர் இல்லத்தரசியும் இதை அறிவார். கடலுப்பில் சமையலுப்பு மட்டுமன்றி மெக்னீசியம் குளோரைடும் கலந்துள்ளது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். மட்டாஞ்சேரியின் காற்று ஆண்டின் மிக உலர்ந்த பிற்பகல்களிலும் அதற்குக் கீழே இறங்குவது அரிது. அலை உடையும்போது எழும் நுண்திவலைகளைக் காற்று சுமந்துவந்து, சன்னல் வழியே உளியின் மேல் படியவைக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்த உப்புத்துகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு துளி நீரை எப்போதும் வைத்துக்கொண்டிருக்கிறது. மழை நின்று வெயில் அடிக்கும் நாளிலும் உளி நனைந்தே இருக்கிறது என்பது இதனால்தான்.

அந்தத் துளியின் கீழே நடப்பதும் அறியத்தக்கது. காற்று எளிதில் சேரும் விளிம்பில் இரும்பு கரைவதில்லை. காற்று எட்டாத நடுவிலேதான் கரைகிறது. கரைந்தது வெளிப்பக்கம் நகர்ந்து, விளிம்பை ஒட்டிச் செந்நிற வளையமாகப் படிகிறது. கறை தெரியும் இடம் வேறு. காயம் பட்ட இடம் வேறு. பிறரின் குறையை அது வெளிப்பட்ட இடத்திலேயே தேடித் திருத்தப் புகுவோர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட ஆழமான செய்தி ஒன்று இரும்பின் பிறப்பிலேயே உள்ளது. மண்ணிலிருந்து இரும்பு இரும்பாகக் கிடைப்பதில்லை. விண்கற்களில் வந்த சிறிதளவை விட்டுவிட்டால், அது ஆக்சிஜனோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. தாதுவைக் கரியோடு உலையிலிட்டுப் பெருந்தீ மூட்டி, ஆக்சிஜனைப் பிரித்த பின்னரே இரும்பு வெளிப்படுகிறது. ஆகவே துருப்பிடித்தல் என்பது இரும்புக்கு வந்த நோயன்று; பிரிக்கப்பட்டது மீண்டும் சேர்வது. அதன் பழைய வீட்டுக்கு அது திரும்பிச் செல்கிறது. பளபளப்பே மனிதன் அதன்மேல் ஏற்றிவைத்த நிலை. அதைத் தக்கவைக்க மனிதனே பாடுபட வேண்டும்.

இங்கேதான் சாதகனுக்கு ஓர் அச்சம் எழக்கூடும். மனமும் இப்படித்தானா? கோபமும் சோம்பலும் பொறாமையும் அதன் இயற்கையா? சாந்தமும் ஈகையும் உலையிலிட்டு வலிந்து பெற்றவை மட்டுமா? அப்படியானால், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலும் மனிதன் தன் 'பழைய வீட்டுக்கு'த் திரும்பிவிடுவான் அல்லவா? அனுபவமும் இதற்குச் சான்று சொல்வதுபோல் தோன்றுகிறது. மூன்று மாதம் தவறாமல் ஜபம் செய்தவர், ஒரு திருமண வீட்டுக் கலகலப்பில் பத்து நாள் விட்டுவிட்டு மீண்டும் அமரும்போது, மனம் படியாமல் திமிறுவதை அறிவார்.

தட்சிணேசுவரத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடல் அன்பர்கள் பலருக்கும் தெரிந்தது. அத்வைத நிலையில் நிலைத்த தோதாபுரி நாள்தோறும் தியானத்தில் அமர்வதைக் கண்ட ஸ்ரீராமகிருஷ்ணர், இனியும் எதற்காக என்று கேட்டார். தோதாபுரி மின்னிக்கொண்டிருந்த தம் பித்தளைச் செம்பைக் காட்டினார். தினமும் துலக்காவிட்டால் அது ஒளி மங்கிப் போகும் என்பது அவர் பதில். செம்பு பொன்னால் ஆனதாக இருந்தால் என்ன என்று ஸ்ரீராமகிருஷ்ணர் திருப்பிக் கேட்டார். அதைத் தோதாபுரி ஏற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்வோர் பெரும்பாலும் பொன்னோடு நிறுத்திவிடுகின்றனர். தம் கையிலிருக்கும் செம்பு எந்த உலோகம் என்று புரட்டிப் பார்ப்பதில்லை.

வேதாந்தம் இந்த அச்சத்தைத் தீர்ப்பதற்குத் தன் சொல்வழக்கிலேயே ஒரு குறிப்பை வைத்திருக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கையும் அது 'அந்தக்கரணம்' என்கிறது. கரணம் என்றால் கருவி. மனம் உள்ளே இருக்கும் ஒரு கருவி. கருவியை உடையவன் அதனின் வேறானவன். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், ஒரு செயல் நிறைவேறுவதற்கான ஐந்து காரணங்களைக் கணக்கிடும்போது இடம், செய்பவன் இவற்றை அடுத்துக் கருவிகளையும் வைக்கிறது. ஆன்மாவைப் பற்றிய உயர்ந்த சொற்களையெல்லாம் மனத்தின்மேல் ஏற்றி, 'நான் இயல்பிலேயே தூயவன். எனக்குச் சாதனை வேண்டியதில்லை' என்று ஒருவர் இருந்துவிட்டால், அவர் உளியைப் பொன் என்று நம்பி மழையில் விட்டவராகிறார். மாறாக, மனம் மீண்டும் மீண்டும் மங்குவதைக் கண்டு 'நான் இழிந்தவன்' என்று ஒருவர் மனம் உடைந்தால், உளியின் துருவைத் தம் உடம்பில் பூசிக்கொண்டவராகிறார். துருப்பிடிப்பது உளி, தச்சர் அல்லர். அவர் செய்ய வேண்டியது துடைப்பது மட்டுமே. வருந்திக்கொண்டே துடைத்தாலும் வருந்தாமல் துடைத்தாலும் உளிக்கு வேறுபாடில்லை, தச்சருக்கு உண்டு.

துடைப்பது எப்படி என்பதிலும் கவனம் வேண்டும். நல்லெண்ணம் மட்டும் இருந்து முறை தெரியாவிட்டால் காப்பவனே கெடுப்பவனாவான். கேரளத்தில் எண்ணெய் என்றதும் கை தேங்காயெண்ணெயை நாடும். புதிதாகப் பூசிய அன்று அது நன்றாகவே காக்கும். மாதங்கள் செல்லச் செல்ல ஈரத்தோடு சேர்ந்து காறி, அதிலிருந்து புளித்த அமிலங்கள் பிரிகின்றன. அவை இரும்பையே அரிக்கத் தொடங்கும். நல்லெண்ணெயோ நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கையும் உப்பையும் ஒட்டவைத்துக்கொள்கிறது. தையல் இயந்திரத்துக்கு இடும் கனிம எண்ணெய் இவ்வாறு கெடுவதில்லை. நெடுநாள் எடுக்காத கருவிக்குத் தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிக் கலந்து தடவுவது இன்னும் உறுதியானது. எதுவானாலும் மெல்லிய பூச்சே போதும். வழிய வழிய ஊற்றுவதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

எண்ணெய்க்கு முன் உலர்ந்த துணி வேண்டும். உப்பை அகற்றாமல் அதன்மேல் எண்ணெய் பூசினால் பகைவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியதாகும். வியர்வையிலும் உப்பு உண்டு. ஆதலால் கடைசியாகத் தொட்ட விரலின் அடையாளம்கூடச் சில நாட்களில் துருவின் வரிகளாக எழும். பழைய தச்சர்கள் அலகைத் தொடாமல் பிடியை மட்டும் பற்றி உளியைக் கொடுப்பார்கள். காயம்படாமல் இருக்க மட்டும் ஏற்பட்ட வழக்கமாக அது தோன்றவில்லை. பெட்டி சிமெண்டுத் தரையைத் தொடாமல் இரண்டு மரக்கட்டைகளின்மேல் இருக்க வேண்டும். மழை அறையும் வெளிச்சுவரை ஒட்டியிருக்கலாகாது. செய்தித்தாளில் சுற்றினால் தாள் ஈரத்தை வாங்கி உளிமேல் வைத்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று இரவுக் குளிர்ச்சியில் நீராகப் படியும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நல்லதே. ஆயினும் ஆடி மாதத்தில் அது சில நாட்களிலேயே நிறைந்துவிடும். அவ்வப்போது சூடாக்கி உலர்த்தாவிட்டால் அது பெட்டிக்குள் கிடக்கும் வெறும் மணல்தான். பெட்டிக்குள் கற்பூர வில்லை வைப்பது பழைய வழக்கம். அதனால் சிறிது பயன் உண்டு. துடைக்கும் கைக்கு அது ஈடாகாது. ஏற்கெனவே படிந்துவிட்ட மெல்லிய துருவின்மேல் கடுக்காய் ஊறிய நீரைத் தடவினால், துரு கருநீலப் படலமாக மாறி இறுகி நிற்கும். முன்னாளில் எழுதும் மை செய்ததும் இந்தச் சேர்க்கையால்தான்.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில், தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. டச்சுக்காரர் ஆண்ட நாளில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் தாம் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. அங்கே துணி உலர்த்தும் கொடியில் கவ்விகள் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கு இடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் கயிறே பற்றிக்கொள்கிறது. இரும்பு இல்லாத இடத்தில் வெள்ளைத் துணிக்குத் துருக்கறை என்ற பேச்சே எழுவதில்லை. மனத்தை அடக்க அப்பியாசம், வைராக்கியம் என்று கீதை இரண்டு வழிகளைச் சொல்கிறது. எண்ணெய்த் துணி அப்பியாசம் என்றால், கவ்வி இல்லாத இந்தக் கயிறு வைராக்கியம். காக்க வேண்டிய பொருள்களைக் குறைத்துக்கொண்டவனுக்கே எஞ்சியவற்றைக் காக்க நேரம் கிடைக்கும். பத்து உளிகளைப் பேண முடியும். இன்றைய வீடுகளில் குவிந்து கிடப்பவை அனைத்தையும் பேண யாராலும் முடியாது.

காக்கும் பணி உளியோடு முடிவதில்லை. இதே உப்புக்காற்றின் வலிமையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் பாம்பனில் கண்டிருப்பர். சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து 1897 ஜனவரி 26 அன்று காலடி வைத்த பாம்பன் கரைக்கு அருகே, 1914 பிப்ரவரி 24 அன்று ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரும்பை அரிப்பதில் உலகிலேயே கடுமையான கடற்பகுதிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாம்பனுக்கு எதிரே உள்ள மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிப்பதும் அதனால்தான். 1964 டிசம்பர்ப் புயல் பாலத்தைச் சிதைத்தபோது, இ. ஸ்ரீதரன் தலைமையில் அது 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. அந்த 46 நாட்கள் இன்றும் போற்றப்படுகின்றன, போற்றத்தக்கவையே. ஆனால் 1914 முதல் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்படும் வரை, நூற்றெட்டு ஆண்டுகள் அதே பாலத்தில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, தேய்ந்த தகட்டை மாற்றிய தொழிலாளர்களில் ஒருவர் பெயரைக்கூட மக்கள் சொல்லிக் கேட்டதில்லை. புயல் நாளில் செய்ததற்கு வரலாறு உண்டு. மற்ற நாட்களில் பாலம் விழாமல் நின்றதற்கு வரலாறு இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதற்கும் வண்ணம் பூசுவோர் வேண்டியிருக்கும்.

மீண்டும் முதியவரின் பெட்டிக்கு வருவோம். அவர் காப்பது கடமையா, பற்றா என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. யோகக்ஷேமத்தைக் கடந்திருக்கச் சொன்ன கீதை, உளியை மழையில் விடச் சொல்லவில்லை. 'எனக்குக் கிடைக்குமா, என்னிடம் நிலைக்குமா' என்னும் கவலையையே அது கைவிடச் சொல்கிறது. அர்ஜுனன் காண்டீவத்தின் நாணைப் பேணாமல் போருக்கு வந்திருந்தால் கீதைக்கே இடமிருந்திருக்காது. துடைத்து வைத்தவன் கவலையின்றி உறங்குகிறான்; துடைக்காதவனுக்கே இரவில் மழைச் சத்தம் கேட்கிறது.

ஆனால் இந்த விடை பாதி விடைதான். பற்றும் கடமையைப் போலவே விடாமல் துடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கைகளும் ஒன்றுபோலவே இருக்கும். மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உண்டு. அங்கே பழைய பூட்டுகளும் விளக்குகளும் மரச்சிற்பங்களும் வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் காத்திருக்கின்றன. அங்கு துருவுக்கும் விலை உண்டு. பழமைக்கு அது சான்று. அலமாரிக் கண்ணாடிக்குள் வைக்கப்பட்ட கருவி கெடாமல் இருக்கலாம். ஆயினும் அது கருவியாக இருப்பது நின்றுவிட்டது. முதியவர் தம் உளிகளை அத்தகைய காட்சிப் பொருளாகத்தான் காக்கிறாரா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. யாரேனும் வந்து, 'ஐயா, ஓரங்குல உளி இரண்டு நாளைக்குக் கிடைக்குமா?' என்று கேட்டால் அவர் முகம் என்ன ஆகிறது? திருவள்ளுவர் ஆட்சித் திறனைக் கூறும்போது, பொருளைக் காப்பதற்கு அடுத்தபடியாகப் பகிர்ந்தளிப்பதை வைக்கிறார். காத்தல் அங்கே கடைசிப் படியன்று. கொடுக்க இயலாதவனின் காவல் முன்பே பற்றாக மாறிவிட்டது. அவன் உளிக்குப் பூசிய எண்ணெய் அவனுக்குப் பூசிக்கொண்டதே.

யாரும் கேட்டே வராவிட்டால்? பேரன் கேட்டதும் இதைத்தான். இதற்கு எளிய சமாதானம் சொல்வது நேர்மையாகாது. உளி மரத்துக்காக இருக்கிறது. மரத்தில் இறங்கும் நாள் இனி வராது என்று உறுதியாகத் தெரிந்த பின்னும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பது, சடலத்துக்கு மருந்திடுவது போன்றது. அந்நிலையில் க்ஷேமம் என்பதன் பொருள் மாறுகிறது. கருவிக்கு எண்ணெய் தேடுவதைவிட அதற்கு ஒரு கையைத் தேடுவதே காப்பவனின் வேலையாகிறது. பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தாம் கற்ற வித்தை, திரட்டிய நூல்கள், பழகிய பக்குவம் ஆகியவற்றை இறுதி வரை மெருகு குலையாமல் வைத்திருந்து, யாரிடமும் ஒப்படைக்காமல் சென்றுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நவராத்திரி, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து துலாவர்ஷம் தொடங்கும் வேளையில் வருகிறது. மழைக்காலம் முழுவதும் அடைந்து கிடந்த கருவிகளை வெளியே எடுத்துத் துலக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கேரளத்தில் அஷ்டமியன்றோ நவமியன்றோ நூல்களையும் கருவிகளையும் பூஜையில் வைத்து, விஜயதசமி காலையில் திருப்பி எடுப்பர். அந்த இடைவேளையில் அவற்றைத் தொடுவதில்லை. இங்கும் ஒரு சிறு எச்சரிக்கை தேவை: சந்தனமும் குங்குமமும் நீரில் குழைத்தவை. துலக்கிய இரும்பின்மேல் இட்ட பொட்டு இரவு முழுவதும் ஈரமாக இருந்தால், காலையில் அதைத் துடைக்கும்போது அதன் அடியில் அதே வட்டத்தில் துரு தெரியும். ஆண்டில் ஒரு நாள் பொட்டிட்டுவிட்டு மற்ற நாட்களில் திரும்பிப் பாராத வீட்டில், அடுத்த ஆண்டு வரை அந்த வட்டம் அரித்துக்கொண்டே இருக்கும். பொட்டை மரப்பிடியில் இடுவது பழகிய தச்சரின் வழக்கம்.

நம் முதியவரும் பிடியில்தான் இடுகிறார். விஜயதசமி காலையில் கருவிகளை எடுத்துத் துணியால் துடைக்கிறார். மரப்படகுகளைச் செப்பனிடும் இளைஞன் ஒருவனை முன்தினமே வரச்சொல்லி வைத்திருந்தார். அவன் வந்ததும் ஓரங்குல உளியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுக்கிறார். "ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தடவை, உலர்ந்த துணிதான் முதலில்" என்று சொல்லி, துணியையும் அவனிடமே கொடுத்துவிடுகிறார். பேரன் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பெட்டியில் அந்த உளி இருந்த பள்ளம் வெறுமையாகத் தெரிகிறது. முதியவர் மற்ற உளிகளை அதனதன் இடத்தில் வைத்து, மூடியைச் சாத்துகிறார். வெளியே மீண்டும் மழை தூறத் தொடங்குகிறது.